அடங்காத குதிரையும் செஞ்சி ராஜா தேசிங்கும்

டெல்லி பாதுஷாவின் லாயத்தில் ஒரு குதிரை நின்றது. அதன் பெயர் பாராசாரி.

பார்க்க அழகு. பக்கத்தில் போனால் ஆபத்து! சேணம் போட வந்தவர்களை அது உதைத்தது. ஏறி உட்கார்ந்தவர்களைக் கீழே தள்ளியது. நாட்டில் உள்ள ராஜாக்களை எல்லாம் பாதுஷா வரவழைத்தார். குதிரையை அடக்குகிறவருக்குப் பரிசு, அடக்க முடியாதவருக்குச் சிறை என்று அறிவித்தார். பல ராஜாக்கள் சிறைக்குப் போனார்கள். செஞ்சியில் இருந்து போன ராஜாவும் சிறையில் கிடந்தார்.

தந்தையைத் தேடிச் செஞ்சியில் இருந்து ஒரு சிறுவன் டெல்லிக்கு வந்தான். மீசை முளைக்காத பையன். அரண்மனையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பையன் குதிரையிடம் போனான். குதிரை அவனை உதைக்கவில்லை. ஏறினான். குதிரை பறந்தது. திரும்பி வந்தபோது பையன் குதிரையின் மேலேயே இருந்தான்!

தந்தை விடுதலை ஆனார். குதிரை பையனுக்கே பரிசாகக் கிடைத்தது. ஒரு பெண்ணும் மனைவியாகக் கிடைத்தாள்.

அந்தப் பையன்தான் ராஜா தேசிங்கு.

பாட்டும் சரித்திரமும்

செங்கல்பட்டு, வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு சீமைகளில் இந்தக் கதையைக் கேட்டு வளராத தலைமுறை இருந்ததில்லை. விளக்கு வெளிச்சத்தில் பாட்டாகப் பாடினார்கள். பெரிய எழுத்துப் புத்தகமாக அச்சிட்டுச் சந்தையில் விற்றார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து உரக்கப் படிக்க, பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். 1960-ல் எம்.ஜி.ஆர். நடித்து 'ராஜா தேசிங்கு' சினிமாவும் வந்தது.

பாட்டில் வருவது எல்லாம் நடந்ததுதானா? அதையும் சொல்லிவிட வேண்டும்.

தேசிங்கு கட்டுக்கதை அல்ல. இரத்தமும் சதையுமாக வாழ்ந்தவன். அவனுடைய உண்மைப் பெயர் தேஜ் சிங். வடநாட்டில் புந்தேல்கண்டைச் சேர்ந்த ராஜபுத்திர வம்சம். அவனுடைய தந்தை சொரூப் சிங், மொகலாயர்களின் படைத் தலைவர்களில் ஒருவர்.

செஞ்சிக் கோட்டையை 1677-ல் சிவாஜி பிடித்தார். பிறகு சிவாஜியின் மகன் ராஜாராம் அதில் வந்து தங்கினார். மொகலாயப் படை 1690-ல் கோட்டையைச் சூழ்ந்து கொண்டது. எளிதில் விழுகிற கோட்டையா அது? மூன்று மலைகள், மூன்றையும் சேர்த்து வளைத்த மதில்கள். ராஜகிரி மலை மட்டும் சுமார் 800 அடி உயரம். எட்டு வருஷம் போராடி 1698-ல்தான் மொகலாயர்கள் உள்ளே நுழைந்தார்கள். ராஜாராம் அதற்கு முன்பே தப்பிவிட்டார். கோட்டையைக் காக்கும் பொறுப்பு சில ஆண்டுகளில் சொரூப் சிங்கிடம் வந்தது.

டெல்லி லாயத்துக் காட்சி மட்டும் பாட்டுக்காரரின் கைவரிசை என்றே சொல்ல வேண்டும். 1681-ல் தக்காணத்துக்கு வந்த பாதுஷா ஔரங்கசீப் அதன் பிறகு டெல்லிக்குத் திரும்பவே இல்லை. 1707-ல் தக்காணத்திலேயே காலமானார். தேசிங்கு சிறுவனாக இருந்தபோது டெல்லி அரண்மனையில் பாதுஷா இல்லை!

ஆனாலும் அந்தக் காட்சியைத் தள்ளிவிட மனம் வரவில்லை. குதிரை என்றால் என்ன என்று தெரிந்தவர்கள்தான் அதை இட்டுக்கட்டி இருக்க முடியும்.

கடல் கடந்து வந்த குதிரை

நம் நாட்டுக்கு நல்ல போர்க் குதிரை வெளியே இருந்துதான் வந்தது. இங்குள்ள வெயிலும் தீனியும் குதிரை வளர்ப்புக்கு அவ்வளவாக ஒத்துவரவில்லை.

சங்க நூலான பெரும்பாணாற்றுப்படை, தொண்டை நாட்டின் நீர்ப்பெயற்று என்ற துறைமுகத்தைப் பற்றிப் பேசுகிறது. வெள்ளைப் பிடரி மயிர் கொண்ட குதிரைகள் அங்கே கப்பலில் வந்து இறங்கினவாம். அந்தத் துறைமுகம் இன்றைய மாமல்லபுரத்தை ஒட்டியது என்பது அறிஞர்கள் சிலருடைய கருத்து.

பாண்டிய நாட்டுக்கு அரபு நாடுகளில் இருந்து குதிரைகள் வந்த கதையை மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார். இவர் 1292-ஐ ஒட்டித் தமிழ்க் கரைக்கு வந்த வெனிஸ் நகரத்து வியாபாரி. ஆர்முசு துறைமுகத்துக் கப்பல்களில் சரக்கை அடுக்கி, அதன்மேல் தோலைப் போர்த்தி, அந்தத் தோலின் மேல் குதிரைகளை நிறுத்திக் கொண்டுவந்தார்களாம். கீழே சரக்கு, மேலே குதிரை, சுற்றிலும் கடல்! ராஜா ஆண்டுக்கு 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்கினாலும், வருஷ முடிவில் 100 கூட மிஞ்சாது என்கிறார் அவர். பராமரிக்கத் தெரியாததே காரணமாம். குதிரை வைத்தியர்கள் இங்கு வந்துவிடாமல் வியாபாரிகளே தடுத்தார்கள் என்றும் எழுதுகிறார். குதிரை செத்தால்தானே அடுத்த வருஷம் வியாபாரம் நடக்கும்?

இப்படி வந்த ஒரு குதிரையின் விலை ஒரு குடும்பத்தின் வாழ்நாள் சம்பாத்தியத்தையும் தாண்டும். அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பிராணி, ஏறு என்றால் ஏற மறுத்து முன்காலை ஊன்றி நின்றுவிடும். அதுதான் குதிரைக்காரனுக்கு வந்த சோதனை.

குதிரை ஏன் மறுக்கிறது?

படகோ, கப்பலோ, இந்தக் காலத்து லாரியோ, மூடிய வண்டியோ எதுவானாலும் குதிரைக்குப் பயம் ஒன்றுதான்.

குதிரை காட்டிலே புலிக்கும் ஓநாய்க்கும் இரையாக இருந்த பிராணி. ஓடித் தப்புவதே அதற்குத் தெரிந்த வழி. அதற்குக் கண்கள் தலையின் இரு பக்கத்திலும் இருக்கின்றன. அதனால் ஏறக்குறைய தன்னைச் சுற்றிலும் பார்க்கும். ஆனால் நேர் பின்னாலும், மூக்குக்கு நேர் கீழேயும் இருப்பது அதற்குத் தெரியாது. வெளிச்சத்தில் இருந்து இருட்டுக்குள் போனால் அதன் கண் பழகுவதற்கு மனிதக் கண்ணைவிட அதிக நேரம் ஆகும்.

இப்போது குதிரையின் நிலையில் நின்று பாருங்கள். வெயிலில் நிற்கிறது. எதிரே வண்டி. உள்ளே ஒரே இருட்டு. காலை வைத்தால் பலகை டொக் டொக் என்று ஒலிக்கிறது. ஏறிவிட்டால் ஓட இடம் இல்லை. எந்தப் பிராணிதான் துணிந்து ஏறும்?

விவரம் தெரியாதவர்கள் கயிற்றைப் பிடித்து இழுப்பார்கள். 400, 500 கிலோ எடையுள்ள பிராணியை இழுத்து ஜெயிக்க முடியுமா? முன்னால் இழுத்தால் அது பின்னால் இழுக்கும். சவுக்கை எடுத்தால், வண்டி என்றாலே அடி என்று நினைவில் வைத்துக்கொள்ளும். குதிரைக்கு ஞாபக சக்தி அதிகம். மறு தடவை வண்டியைக் கண்டாலே மிரளும்.

அனுபவசாலிகள் செய்வது வேறு. வண்டியை மேடான இடத்துக்குப் பக்கத்தில் நிறுத்துவார்கள். பலகை சரிவு குறையும். பலகையில் வைக்கோல் பரப்பினால் சத்தம் அடங்கும். உள்ளே வெளிச்சம் படும்படி கதவுகளைத் திறந்து வைப்பார்கள். பழகிய குதிரை ஒன்றை முதலில் ஏற்றிவிடுவார்கள். அது உள்ளே நின்று கொள் தின்பதைப் பார்த்தால் இதற்கும் கொஞ்சம் தைரியம் வரும்.

பிறகு கயிற்றை லேசாகப் பிடித்துக் காத்திருப்பார்கள். குதிரை ஒரு காலை எடுத்து வைத்ததும் கயிற்றைத் தளர்த்திவிட வேண்டும். இதுதான் வித்தை. முன்னால் வந்தால் தொந்தரவு தீர்கிறது என்று குதிரைக்குப் புரிய வேண்டும். இரண்டு அடி வைத்துவிட்டுத் திரும்ப இறங்கினாலும் விட்டுவிடுவார்கள். திட்ட மாட்டார்கள். மறுபடி முதலில் இருந்து ஆரம்பம். அவசரக்காரனுக்கு அரை நாள், பொறுமைக்காரனுக்கு அரை மணி என்றாலும் தகும்.

கிண்டிப் பந்தயக் குதிரைகள் பல ஆண்டுகள் கோடையில் உதகைப் பந்தயத்துக்காக மலை ஏறிப் போனதும் இப்படி ஏற்றப்பட்டுத்தான்.

கிரேக்க வீரன் அலெக்சாந்தரைப் பற்றியும் இதே மாதிரி கதை உண்டு. பூசிபாலஸ் என்ற குதிரையை யாராலும் அடக்க முடியவில்லை. அலெக்சாந்தர் அப்போது சிறுவன். குதிரை தன் நிழலைக் கண்டே மிரள்கிறது என்று கண்டுபிடித்தான். அதன் முகத்தைச் சூரியனுக்கு நேராகத் திருப்பினான். நிழல் பின்னால் போயிற்று. தட்டிக் கொடுத்து ஏறிக்கொண்டான்.

தேசிங்கு பாராசாரியின் காதில் என்ன சொன்னான், எப்படித் தட்டினான் என்று நம் பாட்டு விவரிக்கவில்லை. சிங்கவரம் ரங்கநாதரை வேண்டிக்கொண்டு ஏறினான் என்கிறது. பலசாலிகள் எல்லாம் தோற்ற இடத்தில் ஒரு பையன் ஜெயித்தான் என்று பாடிய கிராமத்துக் கவிஞனுக்குக் குதிரையின் குணம் நன்றாகத் தெரிந்திருக்கிறது. பலத்துக்கு அது மசியாது!

இரண்டு நண்பர்கள்

தேசிங்குக்கு உயிர்த் தோழன் ஒருவன். பெயர் மகபத்கான். பாட்டில் மோவுத்துக்காரன் என்று வருகிறவன் இவன்தான். இருந்த ஊர் வழுதாவூர். தேசிங்கு ரங்கநாதரின் பக்தன். நண்பன் முஸ்லிம். மதம் அவர்களுக்கு நடுவே வந்ததே இல்லை. இருவருக்கும் குதிரை என்றால் உயிர். தேசிங்குக்குப் பாராசாரி, நண்பனுக்கு நீலவேணி. இரண்டு குதிரைகளின் பெயரையும் மறக்காமல் வைத்திருக்கிறது பாட்டு. எத்தனையோ சேனாதிபதிகளின் பெயர் மறைந்துவிட்டது!

சொரூப் சிங் 1714-ல் காலமானார். செஞ்சியின் அதிகாரத்தைத் தேசிங்கு ஏற்றுக்கொண்டான். அப்போது அவனுக்கு வயது 22 என்பார்கள்.

அதிலேதான் தகராறு வந்தது.

ஆர்க்காட்டில் நவாபு சாதத்துல்லா கான் இருந்தார். சாதாரண ஆள் அல்ல. 1710-ல் இருந்து 1732 வரை கர்நாடக தேசத்தை ஆண்டவர். இந்தச் செங்கல்பட்டுக் கரையும் அவர் கையில்தான் இருந்தது. ஆஸ்டெண்டு கம்பெனி என்ற ஐரோப்பிய வியாபாரக் கூட்டம் கோவளத்தில் கிடங்கு போட்டது அவர் காலத்தில்தான்.

செஞ்சி பல வருஷமாகக் கப்பம் கட்டவில்லை, பாக்கியைக் கட்ட வேண்டும் என்று நவாபு ஆள் அனுப்பினார். புதிய பாதுஷா பரூக்சியரின் அனுமதிச் சீட்டு இல்லாமல் பதவி ஏற்றதும் குற்றம் என்றார். தேசிங்கு மறுத்தான். தன் தந்தைக்கு ஔரங்கசீப் கொடுத்த கோட்டை, நவாபுக்கு என்ன அதிகாரம் என்பது அவன் வாதம்.

நவாபின் பக்கத்தில் சட்டம் இருந்தது என்று சொல்வோர் உண்டு. இருக்கலாம். பாட்டுக் கேட்ட ஜனங்கள் அதைப் பார்க்கவில்லை. அவர்கள் பார்த்தது கையளவு படையோடு நின்ற வாலிபனை.

வெள்ளத்தில் இறங்கிய குதிரை

நவாபின் படை ஆர்க்காட்டில் இருந்து புறப்பட்டது. ஆயிரக்கணக்கான குதிரைகள், ஆயிரக்கணக்கான சிப்பாய்கள். வழியில் செஞ்சிச் சீமையின் பயிர்கள் அழிந்தன. தேசிங்கிடம் இருந்தது 350 குதிரை வீரர்களும் 500 காலாட்களும்தான் என்பது வழிவழியாகச் சொல்லும் கணக்கு.

கோட்டைக்குள் இருந்துகொண்டு கதவைச் சாத்தி இருந்தால்? எட்டு வருஷம் தாக்குப் பிடித்த கோட்டை அது! மழைக்காலம் வேறு. நவாபின் படை வெளியே நனைந்துகொண்டு கிடந்திருக்கும். மந்திரிமார் அப்படித்தான் யோசனை சொல்லியிருப்பார்கள். தேசிங்குக்குப் பொறுமை இல்லை. குதிரைக்காகப் பொறுத்தவன் தனக்காகப் பொறுக்கவில்லை.

நண்பனுக்கு ஆள் போயிற்று. மகபத்கான் அப்போது கல்யாணப் பந்தலில் மாப்பிள்ளையாக இருந்தான். சேதி கேட்டதும் மாலையைக் கழற்றி வைத்துவிட்டு நீலவேணியின் மேல் ஏறினான் என்கிறது பாட்டு. அந்த இடத்தில் பாடுகிறவர் கொஞ்சம் நிறுத்துவார். பெண்கள் பக்கத்தில் இருந்து விசும்பல் கேட்கும்.

தேசிங்கு சிங்கவரம் கோயிலுக்குப் போனான். செஞ்சிக்கு அருகே மலையைக் குடைந்து பல்லவர் காலத்தில் அமைத்த கோயில் அது. மாமல்லபுரத்துப் பாறைகளைக் குடைந்த அதே மரபு. உள்ளே பள்ளிகொண்ட ரங்கநாதர். யுத்தத்துக்குப் போக உத்தரவு கேட்டபோது, பெருமாள் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று அந்த வட்டாரத்தில் சொல்வார்கள். தேசிங்கு கேட்கவில்லை.

மனைவியிடம் விடைபெறப் போனான். இளம் பெண். நடுவில் திரை போட்டிருந்தது. திரைக்கு இந்தப் பக்கம் நின்றே விடை பெற்றான் என்று பாட்டு முடிக்கிறது. புகுந்த வீட்டில் வாழ்வைத் தொடங்கும் முன்பே அந்தப் பெண்ணின் வாழ்வு முடிய இருந்தது.

1714 அக்டோபர் 3-ம் தேதி.

சங்கராபரணி ஆற்றில் வெள்ளம். வராக நதி, செஞ்சி ஆறு என்ற பெயர்களும் அதற்கு உண்டு. அக்கரையில் நவாபின் படை. வெள்ளம் வடியட்டும் என்று காத்திருக்கலாம் என்றார்கள். தேசிங்கு குதிரையை ஆற்றில் இறக்கினான்.

சுழித்து ஓடுகிற செந்நிறத் தண்ணீர். அடி தெரியாது. குதிரை பயப்படுகிற அத்தனையும் அங்கே இருந்தது. மற்ற குதிரைகள் பல கரையிலேயே நின்றுவிட்டன. இறங்கியவற்றிலும் சில அடித்துச் செல்லப்பட்டன. தேசிங்கின் குதிரை நீந்திக் கரை ஏறியது. யாரையும் முதுகில் ஏற்றாத குதிரை என்று பாடப்பட்ட அதே குதிரை, தன் எஜமானை ஏற்றிக்கொண்டு எதிரே தெரியாத வெள்ளத்தில் இறங்கியது.

அக்கரை சேர்ந்தபோது அவன் பின்னால் இருந்தவர்கள் கொஞ்சம் பேர்.

கடலி மைதானம்

சண்டை நடந்த இடத்துக்குக் கடலி என்று பெயர். மகபத்கான் முதலில் விழுந்தான். நண்பன் விழுந்ததைக் கண்ட பிறகு தேசிங்கு உயிரைப் பொருட்படுத்தவில்லை. எதிரிகளின் நடுவே குதிரையைச் செலுத்தினான்.

அவனை நேருக்கு நேர் வெட்டி வீழ்த்த முடியாது என்று கண்டார்கள். குதிரையின் காலை வெட்டினார்கள். பாராசாரி சாய்ந்தது.

தரையில் நின்று தேசிங்கு போரிட்டான். ஒரு சிப்பாயின் துப்பாக்கிக் குண்டு மார்பில் பாய்ந்து இறந்தான் என்பது சரித்திரம். எதிரி கையால் சாக மனமின்றித் தன் வாளை வானத்தில் வீசி எறிந்து, அது திரும்பி விழும்போது மார்பில் ஏந்திக்கொண்டான் என்பது பாட்டு. கேட்ட ஜனங்கள் எதை நம்பினார்கள் என்று சொல்லத் தேவை இல்லை.

தேசிங்கின் ஆட்சி ஒரு வருஷம்கூட முழுதாக நடக்கவில்லை.

அவன் உடலைச் செஞ்சிக்குக் கொண்டுவந்தார்கள். கோட்டைக்குள் செட்டிகுளத்தின் கரையில் சிதை மூட்டினார்கள். இளம் மனைவி அதே சிதையில் ஏறினாள். உடன்கட்டை ஏறும் அந்தக் கொடிய வழக்கத்தைச் சென்னை மாகாணத்தில் சட்டம் தடுத்தது 1830-ல்தான். எதிரியாக வந்த நவாபும் அந்தப் பெண்ணின் முடிவைக் கேட்டு மனம் கலங்கினாராம். அவள் நினைவாகத்தான் ஆர்க்காட்டுக்கு எதிர்க்கரையில் ராணிப்பேட்டை ஏற்பட்டது என்று சொல்கிறார்கள். அந்தப் பெயர் 2019 முதல் ஒரு மாவட்டத்தின் பெயராகவும் இருக்கிறது.

கோட்டை மட்டும் கைமாறிக்கொண்டே போயிற்று. 1750-ல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள். 1761-ல் ஆங்கிலேயர்கள்.  2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் மராத்தியர் கோட்டைகளைச் சேர்த்தது. மொத்தம் 12 கோட்டைகள். தமிழ்நாட்டில் இருந்து இடம் பெற்றது செஞ்சி ஒன்றுதான்.

செங்கல்பட்டில் இருந்து திண்டிவனம் வழியாகப் போனால் நூறு கிலோமீட்டருக்குள் செஞ்சி வந்துவிடும். ராஜகிரி அடிவாரத்தில் கல்யாண மகாலைச் சுற்றி வளைவு வளைவாகச் சில கட்டடங்கள் தெரியும். குதிரை லாயங்கள் என்று காட்டுவார்கள். குழந்தைகளை அழைத்துப் போகிறவர்கள் அங்கே கொஞ்சம் நிற்கலாம். மலை ஏற முடியாத பெரியவர்களும் அதுவரை நடந்து போகலாம்.

இன்னும் கொஞ்சம் தள்ளி நீலாம்பூண்டி என்ற கிராமம். மகபத்கானின் சமாதி அங்கே இருக்கிறது. பக்கத்தில் இன்னொரு சமாதியை ஊரார் காட்டுகிறார்கள். அது குதிரையின் சமாதி.